செருப்புக்கு மேலே

டாக்டர் ஹேமச்சந்திரன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.
லிப்டில் இறங்கும்போது
முன்பாதி மட்டும் கையில் இருந்தது: அல்ட்ரா.
பின்பாதியை பார்க் ஸ்டேஷன் படிக்கட்டில் நின்று
போனில் தப்புத்தப்பாய் அடித்து
நாலாவது தடவை பிடித்தேன்.

அல்ட்ராக்ரெபிடேரியன்.
பெயரடை. அரிய வழக்கு.
தனக்குத் தெரியாத விஷயத்தில் கருத்துச் சொல்கிற.
சொல்கிற, என்று பாதியில் தொங்கியது அகராதி,
பின்னால் ஒரு பெயர் வந்து உட்காரட்டும் என்று.

நான் சொன்னது இவ்வளவுதான்:
சார், மரியதாசுக்கு இது மூணாவது ஜோடி.
எம்.சி.ஆர். ரப்பர்ல குறை இல்ல.
வலது செருப்பு மட்டும் வெளி ஓரம் தேயுது,
புண்ணும் அதே எடத்துல திரும்ப வருது.
இடுப்ப ஒரு தடவ பாத்துருங்களேன்.

தாம்பரம் வண்டி வரவில்லை.
மிச்சத்தையும் படித்தேன்.

கிரேக்க நாட்டு ஓவியன் ஒருவன்
படத்தைத் தெருவுக்குக் காட்டிவிட்டு
பின்னால் ஒளிந்து ஒட்டுக்கேட்பானாம்.
செருப்புத் தைக்கிறவன் ஒருவன் நின்று பார்த்து,
வாரில் ஒரு வளையம் குறைகிறதே என்றான்.
ராத்திரியே திருத்திவிட்டான் ஓவியன்.
மறுநாள் அதே ஆள்
கெண்டைக்காலைப் பற்றி வாய் திறந்தான்.
படத்துக்குப் பின்னாலிருந்து தலை நீண்டது:
செருப்புக்கு மேலே போகாதே.

லத்தீனில் அல்ட்ரா என்றால் அப்பால்.
க்ரெபிடா என்றால் செருப்பு.
இருநூறு வருஷம் முன்பு லண்டனில் ஒருவர்
இரண்டையும் சேர்த்துத் தைத்து
ஒரு விமர்சகர்மேல் வீசினார்.
வீச்சு வாங்கியவர் சின்ன வயதில்
செருப்புக் கடையில் வேலை பழகியவராம்.

இந்த இடத்தில் வண்டி வந்தது. ஏறவில்லை.

சொல்தான் புதிது எனக்கு.
அது செய்கிற வேலையை ஆறாம் வகுப்பிலிருந்தே தெரியும்.
ரூத் மணிமொழி, எழுந்திரு,
பெரியமேட்டில் உங்கப்பாவுக்கு என்ன வேலை?
சொல்லி முடிப்பதற்குள்
பெயருக்கு முன்னால் ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும்.
அதற்குப் பதினாறு எழுத்து தேவைப்படவில்லை.
லத்தீனும்.

எத்தனை பக்கம் புரட்டியும்
ஒன்று மட்டும் அகப்படவில்லை:
அந்தக் கெண்டைக்கால் சரியாக இருந்ததா?
படம் எங்கோ அழிந்துவிட்டது.
அதட்டல் மட்டும் கெடாமல் இருக்கிறது.

தேய்ந்த செருப்பைக் கவிழ்த்துப் பார்த்தால்
முழங்கால் எந்தப் பக்கம் சாய்கிறதென்று தெரியும்.
காசிமேட்டில் ஐஸ் பெட்டி எந்தத் தோளில் ஏறுகிறது,
படியிறங்கும்போது எந்தக் கை சுவரைத் தேடுகிறது,
எல்லாம் ரப்பரில் இருக்கிறது.
வளையம் குறைவதைப் பார்த்த கண்
கணுக்காலோடு மூடிக்கொள்ளுமா என்ன?

இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லவில்லை.
சோலை வெட்டினேன், விளிம்பைத் தேய்த்தேன்,
யாருக்கோ பக்கிள் மாற்றினேன்.

மூன்று வாரம் கழித்து மேலேயிருந்து ஒரு சீட்டு.
மரியதாஸ், ஐம்பத்திரண்டு.
வலது குதிகால், ஆறு மில்லிமீட்டர் உயர்த்தவும்.
கீழே அவர் கையெழுத்து. வேறு ஒரு சொல் இல்லை.

ஆறு மில்லிமீட்டர் என்பது
தரையில் நின்று அளந்தால் வராது.
இடுப்பு எலும்பிலிருந்து டேப் பிடித்தால்தான் வரும்.

ஒட்டினேன். காயவைத்தேன். மாட்டிவிட்டேன்.
வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாய்
நடந்துவிட்டு வந்தார் மரியதாஸ்.
குனிந்து வெல்க்ரோவை அமுக்கிக்கொண்டே கேட்டார்:

'அன்னிக்கு அந்த டாக்டரு
இங்கிலீசுல உன்ன இன்னாவோ சொன்னாரே,
இன்னாமா அது?'

'செருப்பப் பத்திதான்ணே,' என்றேன்.