கழித்தல்

பூச்சியத்திலிருந்து பத்துக்குள்
உங்கள் வாழ்க்கைக்கு எத்தனை என்றாள்.
உட்துறைமுக வீதி, வேம்பின் கீழ்,
கையில் ஒரு கட்டுப் படிவம்.
டினுஷா. சாம்பல்தீவுப் பிள்ளை.
ஏழு என்றேன்,
சைக்கிளை விட்டு இறங்காமலே.

இருபத்தாறு வருடமாக மீற்றர் பார்க்கிறவன்.
எண் கேட்டால் வாய் தானாகச் சொல்லிவிடும்.

உவர்மலை ஏற்றத்தில் மிதிக்கும்போதுதான் உறைத்தது.
ஏழு. சரி. எதிலிருந்து ஏழு?

போன மாதத்தைக் கழிக்காத எண்
வெறும் எண்.
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு என்றால்
அந்த வீட்டைப் பற்றி
இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.
நாளைக் கழித்தோம், பொழுதைக் கழித்தோம் என்கிறோம்;
கழித்தால் மிச்சம் ஏதும் வரவேண்டாமோ?

மேலே ஒரு மாடிவீடு. ஆட்கள் ரொறன்ரோவில்.
நாலு வருடமாக எண் அசையவில்லை.
யன்னல் கண்ணாடியில் துறைமுகம் முழுவதும் விழுந்து கிடக்கிறது.
மாதம் ஒருமுறை அவர்களுக்காக
நான் நின்று பார்க்கிறேன்,
யாருக்கும் பட்டியல் போகாத ஒரு நிமிடம்.

ஜமாலியாவில் நவாஸா சண்டைக்கு வந்தா,
இருபது யூனிட் கூடிவிட்டதாம்.
பிறகு தானே நெற்றியில் அடித்துக்கொண்டா:
மகளுக்குச் சோதனை, விடிய விடிய லைற்.
காசை எண்ணித் தரும்போது
முகத்தில் சண்டை பாதி, பெருமை பாதி.

திருக்கடலூர்.
ஐம்பதைத் தாண்டாத வீடு
மார்கழியில் இருநூற்றறுபது காட்டியது.
பிழையோ என்று மீற்றர்க் கண்ணாடியைத் துடைத்தேன்.
உள்ளே ஒட்சிசன் மெசின் இரைந்துகொண்டிருந்தது,
கரை தட்டியும் இயந்திரம் நிறுத்தாத வள்ளம் மாதிரி.
தையில் இருநூற்றெழுபத்தெட்டு.
மாசியில் நாற்பத்தொன்று.

எண்ணைப் பார்த்தேன்.
படியில் செருப்பைக் கழற்றினேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

றெஜினா வந்தா.
"அந்த மெசின் மொத்தமாய் எவ்வளவு இழுத்திருக்கும், அண்ணை?"
பட்டியலின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.
நானூற்று முப்பத்தெட்டு.
"அவ்வளவுதானா" என்றா.
பிறகு, "அவ்வளவு இருந்ததே" என்றா.
இரண்டும் ஒரே மூச்சில்.

என் வீட்டு மீற்றரை நான் வாசிப்பதில்லை.
றம்ஸான் வருவான். கந்தோர் ஒழுங்கு.
நல்ல ஒழுங்குதான்; சொந்த எண்ணில்
கை கொஞ்சம் தாராளமாகும்,
அல்லது வேண்டுமென்றே இறுகும்.
அதனால் இரவு தவமலரிடம் கேட்டேன்,
பத்துக்கு நான் எத்தனை, நாங்கள் எத்தனை என்று.
"கையில் சூடை மீன். நாளைக்குக் கேளுங்கோ."

கம்பி அறுந்து கிடந்த வருடங்களும் உண்டு.
போத்தல் விளக்கைச் சுற்றியிருந்து
சீட்டில் கள்ளம் பிடித்துச் சிரித்தோம்,
வெளியே சத்தம் கேட்டால் ஊதி அணைத்துவிட்டு
இருட்டிலும் சீட்டை விடாமல் பிடித்தபடி.
எந்த மீற்றரிலும் ஏறாத வெளிச்சம்.
அந்த நாளில் சிரித்தோம் என்று சொல்ல
இப்போதும் கூச்சம்.
சொல்லாமல் விட்டால் கணக்குப் பிழை.

இன்று பஸ் நிலையத்தடியில் டினுஷா
ஒரு மானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.
படிவக் கட்டில் பாதி அதன் வாயில்.
நானும் ஒரு பக்கம் பிடித்து இழுத்தேன்.
கிழிந்து வந்தது, எச்சில் ஈரத்தோடு.
மான் கோபமில்லாமல்
வாழைப்பழத் தோலுக்குப் போய்விட்டது.

என்னுடைய ஏழு தப்பியதோ தெரியவில்லை.
அவள் புதுத் தாள் எடுத்தாள்.
"அங்கிள், திரும்ப ஒருக்கால் சொல்லுவீங்களோ?"

இந்த முறை இறங்கி
சைக்கிளை ஸ்ராண்டில் போட்டேன்.