குறுக்குக் கம்பு

தேன்கனிக்கோட்டை ரோட்டில்
ரோஜாப் பண்ணைக்குப் பின்னால் என் மைதானம்.
டயர் வளையம், சாக்குச் சுரங்கம்.
மாதப்பா வரும்போதே மூங்கில் கம்போடு வந்தார்.
"அடிக்காம இது அடங்காதுங்க மேடம்."

கம்பை வாங்கி
தாண்டும் தடைக்குக் குறுக்கே வைத்தேன்,
தரையோடு தரையாக.

பார்த்ததும் பூச்சி மூத்திரம் விட்டது.
அன்றைக்கு அவ்வளவுதான் பாடம்.

மறுநாள் ஓரடி கிட்டே வந்தது:
டிக், ஒரு துண்டு ஈரல்.
பிறகொரு நாள் மோந்தது. டிக்.
பத்தாம் நாளோ என்னவோ
ஒரு செங்கல் உயர்த்தினேன்.

நேற்று மூன்று செங்கல்.
ஓடிவந்து
தாண்டி
திரும்பி அவரைப் பார்த்தது.

கிளிக்கர் அவரிடம்தான் இருந்தது.
அமுக்க மறந்து நின்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவர் உள்ளங்கையைப் பிரித்து
ஈரல் வைத்தேன்.

அந்தக் கைக்கு வருவதா என்று
பூச்சி
இன்னும் யோசிக்கிறது.