கடினம்: ஓர் எண் மட்டும்

மிஷன் வீதி, முதல் மாடி.
மழைக்கு ஒதுங்கியவர்கள் படியெல்லாம் நிற்க
ஒவ்வொருவரையாய் விலக்கி ஏறி வந்தார் ரோகாயா.
முத்தியால்பேட்டை ஓட்டலில் மோமோ மடிக்கிற கை,
நகக்கண்ணில் இன்னும் மைதா.
சட்டைப்பையிலிருந்து ஓட்டல் பில் ஒன்றை எடுத்துப் பிரித்தார்.
உள்ளே
சுண்டுவிரல் நீளத்துக்கு நீலம்.

"நீலக்கல்லா மேடம்?"

இந்த ஊரில் நீலத்தைக் கேட்பவர்கள்
பாதிக் குரலில்தான் கேட்பார்கள்,
சனியின் காதில் விழுந்துவிடுமோ என்று.
இவர் முழுக் குரலில் கேட்டார்.
ஜாஜர்கோட்டில் சுவர் எழுப்ப ஒரு லட்சம் வேண்டுமாம்,
பூகம்பத்துக்குப் பிறகு தம்பி குடும்பம்
தகரத்துக்குக் கீழேயே இருக்கிறதாம்.

தண்ணீரில் தொங்கவிட்டு எடை பார்த்தேன்.
மூன்று புள்ளி ஆறு.
நீலமென்றால் நான்கு சொல்லியிருக்கும்.
ஒளிவிலகலும் கைவிட்டது.
"கயனைட்" என்றேன்.
அவர் மொழியில் அதற்கொரு பெயர் இருக்கும், கேட்கவில்லை.
"விலை?"
சொன்னேன்.
கீழே ஓர் ஆட்டோ சேற்றை வாரியடித்துப் போனது,
யாரோ திட்டினார்கள்.

ஏதாவது தர வேண்டும் போலிருந்தது.
பேனாக்கத்தியைத் தந்தேன்.
நீளவாக்கில் கீறச் சொன்னேன்.
கீறியது, நீலத்தின் மேல் வெள்ளையாய் ஒரு கோடு.
இப்போது குறுக்கே.
கத்தி வழுக்கியது.
பல்லைக் கடித்து மறுபடி அழுத்தினார்.
கல் அப்படியே இருந்தது, இரும்புதான் தேய்ந்து
கறுப்பாய் ஒட்டிக்கொண்டது.

ஒரே கல்தான்.
இந்தப் பக்கம் நாலரை, அந்தப் பக்கம் ஏழு.

ரோகாயா சிரித்துவிட்டார்.
"எங்க ஊர் வழி மேடம் இது.
ஆத்தோட எறங்கினா ஆட்டுக்குட்டிகூட போகும்.
குறுக்க, கண்ணுக்குத் தெரியற ஊருக்கு
ரெண்டு நாள்."
கல்லை பில்லில் சுற்றிக்கொண்டே,
"வீட்டுக்குப் பின்னால நெறைய கெடக்கு.
ஆட்டுப்பட்டிச் சுவத்துக்கு வெச்சோம்.
அது மட்டும் விழல."

கட்டணம் முந்நூறு. நூறாய் எண்ணி வைத்தார்.
சான்றிதழில் 'கடினம்' என்று ஒரு கட்டம்,
ஓர் எண்ணைத்தான் வாங்கும்.
நாலரை அடித்தேன், அழித்தேன்.
ஏழு அடித்தேன்.
இரண்டையும் அடித்தால்
பிழை என்று சிவந்தது திரை.
நிமிர்ந்தால் நாற்காலியில் ஆளில்லை,
சாயங்கால வியாபாரம் அவருக்கு.

மேசைக் கண்ணாடியில் இரண்டு சிட்டிகை வெள்ளை.
எது கல், எது மைதா என்று
விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.