கோச்சி போன நேரம்

ஒன்பது குட்டிகள்.
பிறந்தபோது வெறும் வெள்ளை.
பத்தாம் நாளுக்குப் பிறகுதான்
யாரோ பேனையை உதறினதுபோலப் புள்ளி விழும்.
இன்றைக்கு ஆறாவது கிழமை.
வாழைப்பழப் பெட்டியொன்றில் போட்டு
மிஸஸ் ஸ்கோக்மன் கொண்டுவந்திருக்கிறா
வெள்ளவத்தையில்
ரயில் பாதைக்கு முதுகு காட்டி நிற்கும் எங்கள் கிளினிக்கிற்கு.

என் வேலை சின்ன வேலை.
குட்டியை மேசையில் வைப்பேன்.
அது என் விரலை நக்கிக்கொண்டிருக்கையில்
டொக்டர் பத்மலோஜினி பின்னால் நின்று
சாவிக்கொத்தை உலுக்குவா.
தலை திரும்பினால் அட்டையில் 'கேட்கும்'.
திரும்பாவிட்டால்
இன்னொருமுறை, எவர்சில்வர் தட்டால்.

எட்டுக்கும் 'கேட்கும்' எழுதினேன்.

ஒன்பதாவது பெண்.
இடது கண் நீலம்,
வாங்க வருபவர்கள் முதலில் தூக்கும் நீலம்.
சாவிக்கு நித்திரை.
தட்டு விழுந்து
அடுத்த அறையில் பூனையொன்று அலறியும்
நித்திரை.

அப்போதுதான் அளுத்கமக் கோச்சி போனது.
மேசை நடுங்கியது.
குட்டி தலையைத் தூக்கியது.

"பாத்தீங்களா, கேக்குது!"
மிஸஸ் ஸ்கோக்மன் கைதட்டினா.
கைதட்டலுக்கு அது திரும்பவில்லை.
அவ அதைக் கவனிக்கவில்லை.
அல்லது கவனித்தா.

கெட்ட மனுசி இல்லை.
குட்டி போட்ட இரவு
சீமெந்துத் தரையில் தாய்க்குப் பக்கத்தில் படுத்தவ.
தான் சாப்பிட முன்னம் அதுகளுக்குக் கோழி அவிப்பவ.

வம்சப் பத்திரம் மேசையில் கிடந்தது,
தங்க எழுத்தில் நாலு தலைமுறை.
தகப்பனின் தகப்பன்: சம்பியன் அட்மிரல்.
தாயின் தகப்பன்: சம்பியன் அட்மிரல்.
தாயின் தாய்க்கும் அவனே தகப்பன்.
மரம் என்கிறார்கள் இதை.
கிளைகள் போய்ப் போய்
ஒரே கொம்பைத் திரும்பப் பிடிக்கின்றன.
"அட்மிரலின்ர தலை, அட்மிரலின்ர நடை.
லைன் அப்பிடித்தான் நிக்கும்" என்றா.
நின்றது.
கூடவே நின்றதை யாரும் தங்கத்தில் எழுதவில்லை.

தாய் மேசைக்குக் கீழே.
இடப்பக்கம் இருந்து கூப்பிட்டேன்,
வலப்பக்கம் திரும்பித் தேடினாள்.
திரும்பவும் கூப்பிட்டேன்.
திரும்பவும் வலப்பக்கம்.
கண்காட்சி வளையத்தில்
அவளைக் கூட்டிப்போகிறவர் எப்போதும்
கேட்கிற காதின் பக்கம்தான் நடந்திருக்கிறார்.
மூன்று கோப்பைகள்.

"இவளை இனி விடவேண்டாம்" என்றா டொக்டர்.
"ஒக்ரோபருக்கு நீர்கொழும்பில பேசியாச்சு.
அதுவும் அட்மிரலின்ர மகன்தான்."
பிறகு குரலை இறக்கி,
"ஒன்பதில ஒண்டுதானே. இதுக்கு இண்டைக்கே ஒரு ஊசி…"

டொக்டர் கை கழுவிக்கொண்டிருந்தா.
நெடுநேரம் கழுவினா.
"வருத்தமில்லாததுக்கு என்னட்ட ஊசியில்லை."

"அப்ப, கேக்குமெண்டு எழுதுங்கோ."

பேனை என் கையில்.

முந்தின டொக்டரின் காலத்தில்
ஒரு பொக்ஸரின் நெஞ்சில் இரைச்சல்.
'சாதாரணம்' எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.
பத்தரமுல்லையில் ஒரு பெடியனோடு
பந்துக்கு ஓடுகையில் விழுந்ததாம்.
அந்தப் பெடியன் இங்கு வந்து கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

கேற்றடியில் ஒரு தெருநாய்.
உடம்பெல்லாம் சொறி. அப்பன் பெயர் யாருக்கும் தெரியாது.
கோச்சி பம்பலப்பிட்டியில் நிற்கையிலேயே
அதன் இரண்டு காதும் நிமிரும்.

குட்டியை மேசையிலிருந்து எடுத்து
மடியில் வைத்தேன், தரை எட்டாத இடத்தில்.
கோச்சி இல்லாத நேரம்.
அதன் கழுத்துக்குப் பின்னால் கைதட்டினேன்.
மிஸஸ் ஸ்கோக்மன் பார்த்துக்கொண்டிருந்தா.
'கேட்காது' என்று எழுதி,
கீழே, யாரும் கேளாமலே:
'தாய்க்கு இடக்காது கேட்காதுபோல. சோதிக்கவும்.'

அட்டையை மடித்துக் கைப்பையில் வைத்தா.
அது அங்கே எவ்வளவு நாள் இருக்கும், தெரியாது.
ஒக்ரோபர் அப்படியே இருக்கிறது.
எட்டுக் குட்டிகளோடு கார் போனது.

வாழைப்பழப் பெட்டி மிச்சம்.
ஐந்தரைக் கோச்சி மட்டும் நித்திரை கொண்டது.
பிறகு
தரை சொல்ல எழும்பியது.