ஐம்பது விநாடி

இடைவேளை அறுபது விநாடி என்பார்கள்.
முக்காலி போட, அவன் வந்து விழ,
வாய்க்கவசத்தைப் பிடுங்க, பத்து போய்விடும்.
மீதி ஐம்பது என்னுடையது.

காதுமடலில் செருகிய பஞ்சுக்குச்சி இரண்டு,
பல்லிடுக்கில் ஒன்று.
இடுப்புப் பையில் அட்ரினலின் குப்பி, வாஸ்லின்,
ஐஸில் கிடந்து விறைத்த இரும்புத் துண்டு.
புகோமில் ஒரு பெண்ணுக்கு எதற்கு இந்த வேலை
என்று கேட்டவர்கள்
தங்கள் புருவம் கிழிந்த இரவில் கேட்கவில்லை.

முதலில் துடை. பிறகு தேடு.
ரத்தம் தெரிகிற இடம் வேறு, வருகிற இடம் வேறு.
முகம் முழுக்கச் சிவந்திருக்கும்;
வாசல் அரிசிமணி அளவுதான்.

எங்கள் தெருவில் ஆளுக்கொரு மருந்து.
மீன் அறுப்பவள் விரலில் அடுப்புச் சாம்பலை அப்புவாள்.
சவரக்கடை மூசா படிகாரக் கட்டியை நனைத்து
எரிய எரியத் தேய்ப்பான், மன்னிப்பும் கேட்பான்.
பந்து விளையாடும் பிள்ளைகள்
அச்சேம்போங் இலையைக் கசக்கி முட்டியில் பிழிவார்கள்.
காப்பித்தூள்தான் என்பான் டாக்சிக்காரன்,
சிலந்தி வலைதான் என்பான் அவன் மைத்துனன்.
இருவரும் அதற்காகவே ஒருமுறை அடித்துக்கொண்டு
மூக்கொழுக என்னிடம் வந்தார்கள்.

சாம்பலும் இலையும் கல்லும் சொல்வது ஒன்றே:
போதும், உள்ளே இரு.
என் குப்பி மட்டும் வேறு சொல்கிறது:
நான் நின்றுகொள்கிறேன்,
நீ போய் இன்னும் மூன்று நிமிடம் அடி வாங்கு.

அமார்ட்டே. இருபத்தாறு வயது.
எதிரே லோமேயிலிருந்து வந்த இடக்கைக்காரன்,
அவசரமே இல்லாதவன்.
நான்காம் சுற்றில் இடது புருவம் திறந்தது. மூடினேன்.
ஐந்தில் திறந்தது. மூடினேன்.
ஆறில் மூடியபோது கூட்டம் என் பெயரைக் கத்தியது.
பொய் சொல்வானேன், இனித்தது.

ஏழு முடிந்து வந்து உட்கார்ந்தவன்
"ஓகைலே, அந்தப் பக்கம் விளக்கை அணைத்துவிட்டார்களா?" என்றான்.
விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன.
கண்ணில் ரத்தமும் இல்லை, அப்போதுதான் துடைத்திருந்தேன்.
பயிற்சியாளர் அவனது மறு காதில்
வலக்கை, வலக்கை என்று இரைந்துகொண்டிருந்தார்.
அவருக்குக் கேட்கவில்லை.
எனக்குக் கேட்டது.

குப்பியைத் திறந்தேன். எல்லாரும் பார்த்தார்கள்.
பஞ்சு நனைந்தது
முழங்காலோரம் இருந்த தண்ணீர்ப் புட்டியில்.
யாரும் பார்க்கவில்லை.
பதினெட்டு வருடம் அழுத்திப் பழகிய கட்டைவிரல்
அழுத்துவதுபோல் இருந்தது.

எட்டாம் சுற்றில் அரை நிமிடம்கூட ஆகவில்லை.
நடுவர் கையுயர்த்தினார்,
மருத்துவர் படியேறினார், டார்ச் அடித்தார்,
தலையை அசைத்தார்.
அமார்ட்டே கையுறையோடு முகத்தை மூடிக்கொண்டான்.
புள்ளிப் பட்டியலில் அவன் முன்னால் இருந்தான்
என்று பிறகு சொன்னார்கள்.
நான் கேட்காமலே சொன்னார்கள்.

இப்போது கனேஷி வழியில் ட்ரோட்ரோ ஓட்டுகிறான்.
சில காலைகளில் ஏறுவேன்.
இவளிடம் காசு வாங்காதே என்று
மேட்டுக்கு விரலசைப்பான்.
தாடையில் சவரக் கீறல்,
அதன்மேல் ஒட்டிய செய்தித்தாள் துணுக்கு,
நடுவில் சிவப்பாய் ஒரு முற்றுப்புள்ளி.
முன்கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொல்வான்:
"உன் கைக்கு அன்றே வயதாகிவிட்டது, ஓகைலே."
ஆமாம் என்பேன்.
ரோட்டைப் பார்த்து ஓட்டு என்பேன்.

பார்த்துத்தான் ஓட்டுகிறான்,
இடமும் வலமும்,
லாரிக்கும் ஆட்டுக்கும் வழிவிட்டு.
காகிதத் துணுக்கு காய்ந்து
எந்தத் திருப்பத்தில் உதிர்ந்ததென்று
அவனுக்குத் தெரியாது.