கம்பத்தின் நிழல்

ஃபீனிக்ஸில் ஜூலை.
காலை ஆறரைக்கே தொண்ணூற்று மூன்று டிகிரி.
நிறுத்தத்துக்குக் கூரை கிடையாது,
ஒரு மின்கம்பம் உண்டு.
அதன் நிழல் அகலத்தில் ஒரு சாண்,
நீளத்தில் மட்டும் தாராளம்.
அதற்குள் ஒருவர் பின் ஒருவராய்
ஐந்து பேர் நிற்கிறோம்.
எட்ட இருந்து பார்ப்பவர்கள்
எவ்வளவு ஒழுங்கான வரிசை என்பார்கள்.
வெயில் நகர நகர
வரிசையும் நகரும், கடிகார முள்போல,
யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல்.

இருபத்தாறு வருடம்
இந்த நிறுத்தத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன்.
கம்பம் இருந்ததாகவே நினைவில்லை.

வண்டியை விற்றதும்
ஆளுக்கொரு காரணம் வைத்துக்கொண்டார்கள்.
கண்ணில் புரை என்றார் எதிர்வீட்டு டுவெய்ன்.
குடித்துவிட்டு ஓட்டி லைசென்ஸ் போயிருக்கும் என்று
டைல்ஸ் கிடங்கில் பேச்சு.
அக்கா மெர்னா எதுவும் கேட்காமல்
ஒரு காசோலை அனுப்பினாள்.
"பூமிக்காகவா?" என்றான் மகன்,
முதல்முறையாக என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையோடு.
ஆமாம் என்றேன்.
பூமிக்கு இது தெரிய வேண்டாம்.

பதினொரு மைல். காரில் இருபது நிமிடம்.
இப்போது இரண்டு பேருந்து, நடுவில் ஒரு காத்திருப்பு,
எல்லாம் கூடிவந்தால் ஒன்றேகால் மணி.
இதுவரை மூன்று நாள் கூடிவந்திருக்கிறது.
ஏழு தடச் சாலையைக் கடக்க
விளக்கு தருவது இருபத்திரண்டு விநாடி.
கால்நடையாய்ப் போகிறவனை இந்த ஊர்
கால்நடையாகவே பார்க்கிறது:
எந்த வேலியை உடைத்துக்கொண்டு வந்தது இது?

வரிசையில் எனக்கு முன்னால் எப்போதும் ஒஃபீலியா.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை.
உறையவைத்த தண்ணீர் பாட்டில் இரண்டு கொண்டுவருவாள்,
ஒன்று குடிக்க, ஒன்று பிடரிக்கு.
முதல் நாள் என் வெறுந்தலையைப் பார்த்துவிட்டு
பிடரிக்கானதை நீட்டினாள்.
"நாளைக்குத் தொப்பி."
அவ்வளவுதான் அறிமுகம்.

இரண்டாம் வாரம் சொன்னாள்:
"அந்த முக்கில் பார்த்துப் போ.
வலப்பக்கம் திரும்புகிறவன்
இடப்பக்கம்தான் பார்ப்பான்.
பிப்ரவரியில் ஒரு வெள்ளி நிற வண்டி
இந்த முழங்கை வரை வந்து நின்றது.
பை அறுந்து ஆரஞ்சு எல்லாம் சாலையில்.
அவன் இறங்கவே இல்லை.
கண்ணாடிக்குள்ளிருந்து கையைத் தூக்கினான்.
மன்னிப்பா, சீக்கிரம் நகரு என்பதா,
இன்றுவரை விளங்கவில்லை."

எனக்கும்தான்.

ஒன்பது ஆரஞ்சு.
எட்டைப் பொறுக்கினாள்.
ஒன்று என் முன்சக்கரத்தின் அடியில்.
பின்னால் ஹார்ன் கேட்டதும்
அதன்மேல் ஏற்றித்தான் போனேன்.
கழுவக் கொடுத்த பிறகும்
வண்டிக்குள் அந்த வாசனை.
மே மாதம் விற்கும்போது வாங்க வந்தவன்
மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு
நல்லா வச்சிருக்கீங்க என்றான்.

சொல்லிவிட வாயெடுக்கும்போதெல்லாம்
பேருந்து வந்துவிடுகிறது.
வராத நாட்களில்
வேறு ஏதாவது பேசுகிறோம்,
அவள் தம்பியின் சிறுநீரகக் கல்,
என் கிடங்கில் உடையும் டைல்ஸ்.

அவள் முழங்காலுக்காக
ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்துவார்.
அவ்வளவு பெரிய வண்டி
பெருமூச்சு விட்டு
ஒரு பக்கமாய் மண்டியிடும்.
இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை,
ஒரு வண்டி ஒரு மனுஷிக்காகத் தாழ்வதை.

ஏன் காரை விட்டாய் என்று
ஒஃபீலியா கேட்கவில்லை.
இந்த வரிசையில் யாரும்
யாரிடமும் கேட்காத கேள்வி அது.

இன்று பதினெட்டு நிமிடத் தாமதம்.
தொப்பிக்குள் வியர்க்கிறது.
அவளே, அந்த முழங்கையே,
இரண்டடி முன்னால்.
நிழல் நகர்கிறது.
திரும்பிப் பார்க்காமலே
ஓர் எட்டு வைத்து
எனக்கு இடம் விடுகிறாள்.