பதினைந்து விநாடி

கல்லாற்றுப் பாலம் தாண்டினால்
தகரக் கூரைப் பட்டறை.
அங்கே என் வேலை தேய்ப்பது.

ஈரத்துணியால் பதினைந்து விநாடி.
பெற்றோலியத் திரவம் நனைத்த துணியால்
இன்னுமொரு பதினைந்து.
எழுத்து வாசிக்க வேண்டும்.
ஓரம் சுருளக் கூடாது.
நகத்தால் நெம்பிப் பார்ப்பேன்,
கிளம்பினால் கையெழுத்து இல்லை.

தேங்காய் துருவும் மெசின் செய்கிறோம்,
ஹோட்டல்காரருக்கு, அரைக் குதிரை வலு.
அதன் கழுத்தில்
உள்ளங்கை அளவு மஞ்சள்:
ஓடும்போது கை வைக்காதீர்.
மூன்று மொழி,
விரல் துண்டான ஒரு கைப்படம்.

முதல் மாதிரி கொழும்பில் தோற்றது.
சிவப்பு வெளிறுகிறது, ஒரே ஒரு வரி.
தவேந்திரன் அண்ணன் அதை
மூன்று தரம் வாசித்துவிட்டு
பிளேன்டீ கேட்டார்.
இரண்டாவது, சூட்டில் பசை வழிந்தது.
மூன்றாவது பொலியெஸ்டர்,
மேலே கண்ணாடி மாதிரிப் பூச்சு.
"கால் தேங்காய்க் காசு கா
ஒரு ஸ்டிக்கர்!"
என்றாலும் அது சித்தி.
சான்றிதழுக்குச் சட்டம் போட்டு
லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம்.
அதை யாரும் தேய்ப்பதில்லை.

பதினோராம் மாதம்
காத்தான்குடியிலிருந்து அழைப்பு:
பெயாரிங் கத்துது தங்கச்சி.

களுவாஞ்சிக்குடி, குருக்கள்மடம், ஆரையம்பதி,
மடியில் ஆயுதப் பெட்டியோடு
பஸ்ஸில் போனேன்.

மெசின் பின்வாசலில் நின்றது.
என் மஞ்சள் இருந்த இடத்தில்
நீள்சதுரமாய் ஒரு வெளிறல்,
பிளாஸ்டர் உரித்த பிறகு
தோல் இருக்குமே, அந்த நிறம்.

எதால கழுவுறீங்க?

"பால் காய்ஞ்சா பிசின் புள்ள.
சுடுதண்ணி, சவக்காரத் தூள்,
மறுகா கம்பித்தும்பு.
ஒரு நாளைக்கு மூணு தரம்."

மனதுக்குள் பெருக்கினேன்.
ஆயிரம் தரம் வந்தது.
என் பதினைந்து விநாடிக்கு
வாய் அடைத்துவிட்டது.

அப்போதுதான் பார்த்தேன்,
வெளிறலின் நடுவில்
கருஞ்சிவப்பு நகப்பூச்சு,
கோணல் கோணலாய்:
சியாம் கை கவனம்.

ஆர் எழுதின?

மாக் கையை முன்றானையில் துடைத்தாள்
றிஸ்மியா, ரொட்டி தட்டுகிறவள்.
"நான்தான். மகள்ட போத்தல்.
இந்தப் பொடியன் போனைப் பாத்துப் பாத்துத் துருவுறான்.
பேரைப் போட்டாத்தான் குனிஞ்சி பாக்கான்."

அழியாதா?

"அழியும்தான்.
வெள்ளிக்கு வெள்ளி திருப்பி எழுதுவன்.
போன கிழமை போத்தல் முடிஞ்சி.
அவன்தான் புதிசு வாங்கித் தந்த."

அடுப்படியில் நின்ற சியாம்
தன் கைகளைச் சாரத்துக்குள் ஒளித்தான்.
எண்ணினேன், வெட்கமில்லாமல்.
பத்தும் இருந்தன.

பெயாரிங் மாற்றினேன்.
பையில் புது மஞ்சள் ஒன்று இருந்தது.
அதன் இடம் வரைபடத்தில் இருக்கிறது,
மில்லிமீற்றர் கணக்கில்,
நேரே அவளுடைய எழுத்தின் மேல்.
நான்கு விரல் தள்ளி ஒட்டினேன்.
இதை எங்கும் பதியவில்லை.

படிவத்தில் கேள்வி:
அழிவுக்குக் காரணம் யாது?
நீர், எண்ணெய், வெயில், இரசாயனம்,
நான்கு கட்டம்.
ஓரத்தில் எழுதினேன்
தேங்காய்ப்பால் என்று,
பேனை போகும்வரை அழுத்தி.

திங்கட்கிழமை
அரை மூடித் தேங்காயோடு பட்டறைக்குப் போனேன்.
"என்ன, கறியா?" என்றார் தவேந்திரன் அண்ணன்.
சோதனை, என்றேன்.
பிழிந்து, மஞ்சளில் தடவி,
மதில் மேல் வெயிலில் வைத்தேன்.

ஒரு காகம் வந்தது.
தலையைச் சாய்த்து
மூன்று மொழியையும் பார்த்தது.
பிறகு கொத்தியது.